முத்துலட்சுமி ரெட்டி: தேவதாசி ஒழிப்புச் சட்டம் இருக்கட்டும், 1929 நிலத் திருத்தத்தைப் பற்றிப் பேசுவோமா?

இழையைத் தொடங்கிய வாசகர் — 30 ஜூலை 2024, காலை 9.10

இன்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தநாள். 2019லிருந்து இதைத்தான் மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறார்கள். இந்தியாவின் முதல் பெண் எம்.எல்.ஏ. சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் மாணவி. தேவதாசி முறையை ஒழித்தவர். சத்தியமூர்த்தியை ஒரே வாக்கியத்தில் வாயடைத்தவர். இப்போது கோட்டையில் உட்கார்ந்திருக்கும் 234 பேரில் இப்படி ஒருவரைக் காட்ட முடியுமா?

பதில் சொல்லும் ஓய்வு பெற்ற வருவாய்த் துறைக்காரர் (இனி வருவதெல்லாம் இவர் பதிவுகள்) — 30 ஜூலை, காலை 11.35

தம்பி, பாராட்டு சரி, பட்டியல்தான் இடிக்கிறது.

அவர் தேர்தலில் நின்று ஜெயித்து வந்தவர் இல்லை, நியமன உறுப்பினர். பிரிட்டிஷ் இந்தியாவில் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்று போடுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். ‘இந்தியாவின்’ என்று போட்டால் கேரளத்துக்காரர்கள் வந்து நிற்பார்கள். அவருக்குச் சில வருடம் முன்பே திருவிதாங்கூர் சட்டசபைக்கு டாக்டர் மேரி பூனன் லூக்கோஸ் நியமனமாகிவிட்டார். அவரும் மருத்துவர்தான் என்பது வேடிக்கை.

மருத்துவக் கல்லூரி விஷயமும் அப்படியே. 1875லேயே மேரி ஷார்லீப் சென்னையில் மருத்துவம் படிக்கச் சேர்ந்துவிட்டார், அவரோடு இன்னும் சில பெண்களும். முத்துலட்சுமி சேர்ந்தது 1907, முடித்தது 1912. முதல் ஆள் இல்லை என்பதால் என்ன குறைந்துவிட்டது? புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் பையன்களுக்கும் அவருக்கும் நடுவே திரை கட்டி உட்கார வைத்த காலத்திலிருந்து கிளம்பி, பட்டத்தோடு வெளியே வந்திருக்கிறார். அதை எழுதலாமே.

தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது 1947இல். அவர் அவையை விட்டுப் போனது 1930இல். நடுவில் 17 வருடம். அந்தப் பதினேழு வருடத்தை எல்லாரும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

சத்தியமூர்த்தி கதைக்கு அப்புறம் வருகிறேன். சாப்பாட்டு நேரம்.

30 ஜூலை, பகல் 2.05

சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மூன்று பேர் ‘ஜெமினி கணேசனின் அத்தை’ என்று போட்டுவிட்டார்கள். தெரியும். ஊருக்கே தெரியும். காதல் மன்னனை விட்டுவிட்டு இந்த அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் பேச முடியுமா என்று பார்ப்போம்.

30 ஜூலை, பகல் 3.20

‘நியமனம் என்றால் வெள்ளைக்காரன் தயவா?’ என்று கேட்டவருக்கு.

சென்னை மாகாணத்தில் 1921லேயே பெண்களுக்கு ஓட்டு கிடைத்துவிட்டது. மாகாணங்களில் இதுதான் முதல். ஆனால் சொத்து இருக்க வேண்டும், அதனால் ஓட்டுப் போட்ட பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஓட்டுப் போடலாம், நிற்கக்கூடாது என்று வைத்திருந்தார்கள். அந்தத் தடை விலகியது 1926இல். உடனே மங்களூரில் கமலாதேவி சட்டோபாத்யாய நின்று, கொஞ்ச ஓட்டில் தோற்றார். ஆக, தேர்தல் வழியாக ஒரு பெண் அப்போது அவைக்குள் வரவில்லை.

அப்போது முத்துலட்சுமி சீமையில் இருந்தார். பெண்கள், குழந்தைகள் நோய்ப் பிரிவில் மேல்படிப்புக்கு லண்டன் போனவர், 1926இல் பாரீசில் நடந்த சர்வதேசப் பெண் வாக்குரிமை மாநாட்டிலும் கலந்துகொண்டார். ஊர் திரும்பியதும் இந்திய மாதர் சங்கத்தினர், உங்கள் பெயரைத்தான் சொல்கிறோம் என்று பிடித்துக்கொண்டார்கள். அவர் தயங்கினார். டாக்டர் தொழில் கெட்டுப்போகும் என்று. பதவி கிடைக்காதா என்று அலைகிற நம் ஆட்களை நினைத்துப் பாருங்கள்.

வந்து உட்கார்ந்ததும் அவையே சேர்ந்து, போட்டியில்லாமல் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1927. வெளியே ஓட்டுக் கேட்க வாய்ப்பில்லாதவர், உள்ளே எல்லார் ஓட்டையும் வாங்கிவிட்டார்.

30 ஜூலை, மாலை 5.50

ஒருவர் ‘மேலவை உறுப்பினர்’ என்று எழுதியிருக்கிறார். 1937க்கு முன்னால் சென்னையில் கீழவை, மேலவை என்று இரண்டு கிடையாது. இருந்தது ஒரே அவை. 132 பேர், அதில் 98 பேர் தேர்தலில் வந்தவர்கள், மிச்சம் நியமனமும் அதிகாரிகளும். 1986இல் எம்.ஜி.ஆர். கலைத்த மேலவையோடு இதைக் குழப்ப வேண்டாம்.

31 ஜூலை, காலை 7.15

இப்போது தலைப்பில் போட்ட விஷயம். இதற்காகத்தான் இந்த இழையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், பெரும்பகுதி தஞ்சை ஜில்லாவில். பழைய இனாம் (வரிச் சலுகையோடு கொடுத்த மானிய நிலம்) பதிவேடுகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். 1858இல் வந்த இனாம் கமிஷன் ஊர் ஊராகப் போய் எழுதியது அது. இன்னாருக்கு இன்ன நிலம், எதற்காகக் கொடுத்தது, பரம்பரையா, ஆயுள் வரைக்குமா என்று கட்டம் கட்டி எழுதியிருக்கும். கோவில் ஊர் என்றால் வரிசையாக வரும். அர்ச்சகர், பரிசாரகர், நாகஸ்வரம், தவில், திருவிளக்கு, பூக்கட்டுகிறவர். அந்த வரிசையில்தான் ‘டான்சிங் கேர்ள்’ என்று ஒரு பதிவும் இருக்கும். பக்கத்தில் ஒரு பெண் பெயர். நிலம் அவர் பெயரில். அந்தக் காலத்துப் பதிவேட்டில் பெண் பெயரில் இத்தனை நிலத்தை வேறு எங்கும் பார்ப்பது கஷ்டம்.

இதில் ஒரு கொக்கி உண்டு. அந்த நிலம் சும்மா கிடைத்ததில்லை, சர்வீஸ் இனாம். கோவிலில் ஆட வேண்டும், கும்பாரத்தி எடுக்க வேண்டும், சாமி புறப்பாட்டில் முன்னே போக வேண்டும். செய்தால் நிலம், செய்யாவிட்டால் கோவில் எடுத்துக்கொள்ளும். தாய்க்குப் பிறகு நிலம் நிற்க வேண்டுமானால் வீட்டில் இன்னொரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டியாக வேண்டும், அதாவது கோவிலுக்கு நேர்ந்துவிட வேண்டும். பெண் பிறக்காவிட்டால் சுவீகாரம் எடுத்தாவது கட்ட வேண்டும். பக்தியோ வற்புறுத்தலோ, அது இருக்கட்டும். சாப்பாட்டு நிலமே அந்த முடிச்சில்தான் கட்டியிருந்தது.

முத்துலட்சுமி முதலில் 1927 நவம்பரில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கோவிலுக்குப் பெண்ணை நேர்ந்துவிடுவதை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று. நிறைவேறியது. தீர்மானம் நிறைவேறினால் என்ன ஆகும் என்று சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும்.

அடுத்து அவர் செய்ததுதான் வேலை. நேரடியாகத் தடை என்று போய் நிற்காமல், பனகல் அரசர் முதல்வராக இருந்த காலத்தில் வந்த இந்து சமய அறநிலையச் சட்டத்துக்குள் புகுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1929இல் நிறைவேறியது. 44-ஏ பிரிவு. சாரம் இதுதான்: தேவதாசி கையில் இருக்கும் இனாம் நிலத்தை ஊழிய நிபந்தனையிலிருந்து விடுவித்துவிட வேண்டும். அதற்கு ஒரு குயிட் ரெண்ட், அதாவது ஊழியத்துக்குப் பதிலாக அரசுக்குக் கட்டும் நிலையான வரி, நிர்ணயம். இனி அவர் கோவிலில் ஆடினாலும் ஆடாவிட்டாலும் நிலம் போகாது.

யாரையும் தண்டிக்கவில்லை. யாரையும் ஜெயிலில் போடவில்லை. ‘ஒழிப்போம்’ என்று ஒரு வார்த்தைகூட அதில் தேவைப்படவில்லை. அடுத்த பெண்ணுக்குப் பொட்டுக் கட்ட இருந்த காசுக் காரணத்தை மட்டும் உருவி எடுத்துவிட்டார். ஒரு உறுப்பினர் சொந்த முயற்சியில் கொண்டுவந்த மசோதா, அதுவும் நிலம் சம்பந்தப்பட்டது, கோவில் சம்பந்தப்பட்டது, அது சட்டமாக வெளியே வந்தது. நீளமாகப் பேசுகிறவர்கள் நிறைய. பிரிவு எண் போட்டு வேலையை முடிக்கிறவர்கள் குறைவு.

இதைப் பற்றி மேடையில் யாரும் பேசக் கேட்டதில்லை. குயிட் ரெண்ட் என்றால் கைதட்டல் வராது.

31 ஜூலை, காலை 10.40

சத்தியமூர்த்தி கதை. ‘தேவதாசி முறை புனிதமானது’ என்று அவர் அவையில் சொன்னாராம். ‘அப்படியானால் இதுவரை எங்கள் குலப் பெண்கள் செய்தது போதும், இனி உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள்’ என்று முத்துலட்சுமி திருப்பிச் சொன்னாராம்.

இந்த இழையிலேயே இது மூன்று விதமாக வந்துவிட்டது. ஒன்றில் ‘உங்கள் வீட்டுப் பெண்கள்’, ஒன்றில் ‘உங்கள் சாதிப் பெண்கள்’, இன்னொன்றில் சொன்னவரே முத்துலட்சுமி இல்லை. ஒருவர் 1927 என்கிறார், ஒருவர் 1930 என்கிறார். சென்னை சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் இருக்கின்றன. தொகுதி, பக்கம் போட்டு யாராவது கொடுக்கும் வரைக்கும் நான் இதை மேற்கோள் குறிக்குள் போட மாட்டேன். சத்தியமூர்த்தி அப்போது அந்த அவையில் சுயராஜ்யக் கட்சி உறுப்பினர் என்பது உண்மை. பேச்சுக்குப் பேர் போனவர் என்பதும் உண்மை. அதனால்தான் கதை ஒட்டிக்கொண்டது.

கதை பொய்யானால் என்ன நஷ்டம் என்கிறார் ஒரு நண்பர். நஷ்டம் இருக்கிறது. மூன்று வருடம் உட்கார்ந்து செய்த வேலை ஒரு பஞ்ச் டயலாக்காகச் சுருங்கிவிடுகிறது.

31 ஜூலை, இரவு 9.25

நியமனம் பற்றிக் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அது அவருக்குப் பலமா, பலவீனமா?

தொகுதி இல்லை. அதனால் ஏரிக்கரை உடைந்தது, ரோடு போடவில்லை, மகனுக்கு வேலை என்று மனுவோடு வாசலில் யாரும் நிற்க மாட்டார்கள். அடுத்த தேர்தல் பயமும் இல்லை. ஒரு மிராசுதாரரின் கோபத்துக்கு அஞ்சும் உறுப்பினர் 44-ஏ பிரிவைத் தொட்டிருப்பாரா? கோவில் தர்மகர்த்தாக்களில் பாதி பேர் ஓட்டு வங்கி வைத்திருந்தவர்கள்.

மறுபக்கம், முதுகுக்குப் பின்னால் கட்சி இல்லை. அன்று ஆட்சியில் இருந்த சுப்பராயன் அமைச்சரவையே சுயேச்சை அமைச்சரவை, அன்றாடம் காலம் தள்ளியது. நீதிக்கட்சி ஒரு பக்கம், சுயராஜ்யக் கட்சி ஒரு பக்கம். ஒவ்வொரு ஓட்டையும் ஆள் பார்த்துப் பேசித்தான் வாங்கியிருக்க வேண்டும். துணைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் என்பது அதற்கு உதவியிருக்கும்.

அவர் எடுத்த மற்ற விஷயங்களைப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஆஸ்பத்திரி. பெண்ணின் கல்யாண வயதை உயர்த்துவது. (டில்லியில் ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்த சட்டம் 1929இல் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வைத்தது. அதற்கு இங்கிருந்து குரல் கொடுத்தவர்களில் இவர் ஒருவர்.) விபச்சார விடுதிகளை ஒடுக்கும் சட்டம், 1930. எல்லாமே ஒரு டாக்டர் வார்டில் பார்த்த கேஸ்கள். நோயாளிச் சீட்டிலிருந்து மசோதாவுக்கு நேராகப் போயிருக்கிறார்.

1 ஆகஸ்ட், காலை 8.00

இசை வேளாளர் (தேவதாசிகள் வந்த சமூகம்) குடும்பத்தைச் சேர்ந்த ஒரு அம்மா நேற்றிரவு எழுதியதைப் படித்தீர்களா? ‘எங்கள் பாட்டிகளை யாரும் கேட்கவில்லை’ என்று. சிலர் அவர் மேல் பாய்ந்திருக்கிறார்கள். பாயாதீர்கள். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் பதிவில் இருக்கிற விஷயம்.

1927 தீர்மானம் வந்ததும் சென்னை தேவதாசிகள் சங்கமாகக் கூடி எதிர்த்தார்கள், அரசுக்கு மனுவும் கொடுத்தார்கள். நாங்கள் எல்லாரும் விபச்சாரிகள் இல்லை, எங்களுக்குப் படிப்பும் கலையும் சொத்துரிமையும் உண்டு, தவறு செய்கிறவர்களைத் திருத்த எங்களுக்கே வழி செய்யுங்கள் என்பது அவர்கள் வாதம். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோவில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் எதிர்த்தவர்களில் ஒருவர். அவர்களைப் பற்றி முத்துலட்சுமி சொன்னது நல்ல வார்த்தை இல்லை. யாரோ தூண்டிவிட்டு ஆடுகிறார்கள் என்ற தொனியில்தான் ஒதுக்கினார்.

இதுதான் எனக்கு உறுத்துகிறது. அவருடைய அம்மா சந்திரம்மாள் அந்தச் சமூகத்தில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர், அந்தக் கல்யாணத்துக்காகச் சொந்தக்காரர்களை இழந்தவர். வீட்டுக்குள்ளேயே அந்த வலியைப் பார்த்து வளர்ந்தவருக்கு, எதிரே நின்ற பெண்களிடம் இரண்டு வார்த்தை பொறுமையாகப் பேச முடியவில்லை. ஒருவேளை அதனால்தான் முடியவில்லையோ.

அதே சமூகத்திலிருந்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் நேர் எதிர்ப்பக்கம் நின்றார் என்பதையும் அந்த அம்மா மறக்கக்கூடாது. தானே அந்த வாழ்க்கையைப் பார்த்து உதறிவிட்டு வந்து ஊர் ஊராகப் பேசினார், அடி வாங்கினார். ஆகவே ‘உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் எதிர்த்தார்கள்’ என்பதும் நிற்காது.

1 ஆகஸ்ட், காலை 9.10

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1929 திருத்தத்தை நேற்று நான் தூக்கிப் பேசினேன், இன்றும் அதே பேச்சுதான். ஆனால் அதன் இன்னொரு முகத்தைச் சில ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தாசி குடும்பங்களில் சொத்து தாய்வழியாக, பெண் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ஊழியத்திலிருந்து நிலம் கழன்று சாதாரணச் சொத்தானதும், வீட்டு ஆண்களும் பங்கு கேட்க வழி பிறந்தது என்கிறார்கள். நாகஸ்வரக்காரர், தவில்காரர், நட்டுவனார் ஆகிய ஆண்களின் மானியங்களை அந்தப் பிரிவு தொடவில்லை. அவர்களுக்குக் கோவிலும் இருந்தது, கச்சேரியும் இருந்தது, கௌரவமும் ஏறியது. பெண்ணுக்குக் கோவில் கதவு மூடியது, நிலத்தில் பங்காளி வந்தான்.

இதற்காக 44-ஏ பிரிவே தப்பு என்று சொல்வேனா? மாட்டேன். ஊழியத்தோடு நிலம் கட்டிக் கிடந்த வரைக்கும் ஒரு ஐந்து வயதுப் பெண்ணின் தலையெழுத்தை ஊர்ப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தது. அது நின்றது. ஆனால் வாரிசு உரிமையில் பெண் வழியைக் காப்பாற்ற ஒரு வரி, ஒரே ஒரு உட்பிரிவு சேர்த்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

1 ஆகஸ்ட், மாலை 4.30

நடனப் பக்கம் இழுக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். 1932இல் புது முதல்வர் பொப்பிலி ராஜாவுக்கு நடந்த வரவேற்பில் சதிராட்டம் (பரதநாட்டியத்தின் பழைய பெயர்) வைத்ததை ஒட்டி முத்துலட்சுமிக்கும் வழக்கறிஞர் இ. கிருஷ்ணய்யருக்கும் பத்திரிகையில் கடிதச் சண்டை. ஆட்டத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது கிருஷ்ணய்யர் கட்சி. 1935இல், பரம்பரைக்கு வெளியிலிருந்து வந்த ருக்மிணி தேவி மேடை ஏறினார். 1925இல் காஞ்சிபுரம் காமாட்சி கோவிலில் அரங்கேறிய பாலசரஸ்வதி, பரம்பரையில் வந்தவர், கடைசி வரைக்கும் இந்தச் சீர்திருத்தக் கதையை ஏற்கவில்லை. யார் சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல எனக்குத் தாளமும் தெரியாது, அடவும் தெரியாது. நிலம் தெரியும்.

1 ஆகஸ்ட், இரவு 8.45

இழை அவர் பெயரில் உள்ள மகப்பேறு உதவித் திட்டத்துக்குத் திரும்பிவிட்டது. எதிர்பார்த்ததுதான். இன்று தமிழ்நாட்டில் ‘முத்துலட்சுமி ரெட்டி’ என்ற பெயரை அதிகம் உச்சரிப்பவர்கள் மாசமாக இருக்கும் பெண்களும் கிராம நர்சம்மாக்களும்தான். ‘முத்துலட்சுமி பணம் ஏறிடுச்சா?’ என்று கேட்பார்கள். மொத்தம் 18,000. அதில் 14,000 ரொக்கம், மிச்சத்துக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டு. முன்பு 6,000 இருந்து, 2011இல் 12,000 ஆகி, 2018இல் இந்தத் தொகைக்கு வந்தது.

என் மகளுக்கு முதல் தவணை வரவே குழந்தை குப்புற விழ ஆரம்பித்துவிட்டது. பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) சரி, வங்கிக் கணக்கு சரி, ஆதார் சரி. கேட்டால் ‘மேலேயிருந்து வரணும் ஐயா’. நானும் அந்த மேலேயிருந்து வந்தவன்தான், எனக்கே அந்த வசனம்.

ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம் 2022இல் ‘புதுமைப் பெண்’ ஆகி, கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 என்று மாறிவிட்டது. முத்துலட்சுமி பெயர் இன்னும் விண்ணப்பத்தில் நிற்கிறது.

2 ஆகஸ்ட், காலை 7.40

‘மசோதா நடுவில் நிற்கும்போது ராஜினாமா செய்தது சரியா?’ இந்தக் கேள்வி கேட்டவருக்கு ஒரு சலாம். இந்த இழையில் வந்த ஒரே நல்ல கேள்வி.

நடந்தது இது. நிலத்தை விடுவித்த பிறகு, 1930இல் இரண்டாவது மசோதாவைக் கொண்டுவந்தார். பொட்டுக் கட்டும் சடங்கையே தடுப்பது. அரசு அதைக் கருத்துக் கேட்டுச் சுற்றுக்கு விட்டது. அந்தச் சமயத்தில் உப்புச் சத்தியாக்கிரகம். மே 5ஆம் தேதி காந்தியைக் கைது செய்தார்கள். இவர் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார். மசோதா அப்படியே கிடந்தது.

முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஜெயிலுக்குப் போக ஆயிரம் பேர் இருந்தார்கள். அந்த மசோதாவை நகர்த்த அவையில் அவர் ஒருவர்தான். காங்கிரஸ்காரர்கள் உள்ளேயும் இருந்தார்கள், வெளியேயும் இருந்தார்கள். அவர் எந்தக் கட்சிக்கும் கடன்பட்டவர் இல்லை. இன்னும் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தால்?

இரவு முழுக்க இதைப் புரட்டிப் பார்த்ததில் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறேன். அந்த அவையின் ஆயுளே 1930இல் முடிகிற கட்டம். அடுத்த அவைக்கு மறுபடி நியமிக்க வேண்டியவர் கவர்னர். காந்தியை உள்ளே போட்டவர்களின் கையெழுத்தில் மறுபடி உறுப்பினராவதா என்ற கேள்வி எப்படியும் சில மாதத்தில் வாசலுக்கு வந்திருக்கும். அதோடு, அவர் சும்மா உட்கார்ந்த ஆளில்லை. தன் சட்டமன்ற அனுபவத்தை அந்த வருடமே ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதி வைத்துவிட்டார். அடுத்து வருகிறவருக்குப் பொறுப்பு ஒப்படைக்கும் குறிப்புபோல. எங்கள் ஆபீசில் அப்படி எழுதி வைத்துவிட்டுப் போனவர்கள் ரொம்பக் குறைவு.

ஆனாலும் முழுக்க மனசு ஒப்பவில்லை. 17 வருடம் என்பது ஒரு தலைமுறைப் பெண்கள்.

2 ஆகஸ்ட், பகல் 12.15

‘பதவி போனதும் என்ன செய்தார்?’

பொட்டுக் கட்டும் வாழ்க்கை வேண்டாம் என்று ஓடிவந்த பெண்களுக்குச் சென்னையில் தங்க இடம் கிடைக்கவில்லை. விடுதிகள் சாதி பார்த்துத் திருப்பி அனுப்பின. அவர்களை அடையாற்றில் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் ஔவை இல்லம், 1930-31. சட்டம் பாதியில் நின்றபோது சட்டத்தால் ஆகாததைச் சோறு போட்டுச் செய்திருக்கிறார்.

பிறகு புற்றுநோய் மருத்துவமனை. தங்கை புற்றுநோயில் போனது 1923இல். அந்த வடு முப்பது வருடம் உள்ளே இருந்தது. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954இல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, அடுத்த வருடம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, இந்த இருவரும் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்று உங்களுக்கே தெரியும். 1956இல் பத்மபூஷண். 1968 ஜூலை 22இல் காலமானார், பிறந்தநாளுக்கு எட்டு நாள் முன்னால்.

இதெல்லாம் தனித்தனி இழைக்கான விஷயம். சட்டமன்றத்துக்கு வருவோம்.

2 ஆகஸ்ட், மாலை 6.00

1947. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதமர் (அப்போது மாகாண முதல்வரை அப்படித்தான் சொன்னார்கள்). தேவதாசி அர்ப்பணிப்புத் தடைச் சட்டம் நிறைவேறியது. 1927இல் இவர் தீர்மானம் கொண்டுவந்தபோது முதல்வராக இருந்த சுப்பராயன், 1947இல் அதே அரசில் அமைச்சர். இருபது வருடத்தில் ஆட்சி மாறி, கட்சி மாறி, கொடியே மாறியும், ஆள் மட்டும் அதே ஆள்.

மற்ற இடங்கள் இதற்குள் முந்திக்கொண்டிருந்தன. மைசூர் சமஸ்தானம் 1909லேயே கோவில்களில் நிறுத்தியிருந்தது, திருவிதாங்கூர் 1930இல். பிரிட்டிஷ் அரசு மதத்தில் கை வைக்கப் பயந்தது, ராஜாக்களுக்கு அந்தப் பயம் இல்லை.

எல்லாம் முடிந்து சட்டம் வந்தபோது, ஏற்கெனவே நிலம் கழன்று பல வருடம் ஆகியிருந்தது. பழக்கத்தின் அடி ஆட்டம் கண்டது 1929இல், 1947 மேலே இருந்ததை இறக்கியது என்று சொன்னால் வரலாற்று ஆசிரியர்கள் அடிக்க வருவார்கள். வரட்டும். பதிவேடு என் பக்கம்.

3 ஆகஸ்ட், காலை 10.20

கடைசியாக, கும்பகோணம் பக்கத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு. பாட்டி பெயரில் கோவில் மானியம் இருந்ததாகக் கேள்வி, இப்போது வேறு யாரோ பயிர் செய்கிறார்கள், எப்படித் தேடுவது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் கிராமத்தையும் பழைய சர்வே எண்ணையும் பிடியுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் அ-பதிவேடு கேளுங்கள். அதில் பழைய எண்ணுக்குப் புதிய எண் என்ன என்று தெரியும். அடுத்து ஆட்சியர் அலுவலக ஆவண அறையில் இனாம் பதிவேட்டின் நகல். கிடைக்காவிட்டால் எழும்பூர் ஆவணக் காப்பகம். அதில் ‘டைட்டில் டீட்’ (உரிமைப் பத்திரம்) எண் என்று ஒன்று இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். 1929க்குப் பிறகு ஊழியத்திலிருந்து விடுவித்த உத்தரவு இருந்தால் குயிட் ரெண்ட் தொகையோடு பதிவாகியிருக்க வேண்டும். அதற்கப்புறம் முக்கியமானது 1963ஆம் வருடத்து மைனர் இனாம் ஒழிப்புச் சட்டம். எங்கள் பாஷையில் ‘முப்பது அறுபத்திமூன்று’. அதில் செட்டில்மெண்ட் தாசில்தார் யாருக்கு ரயத்துவாரி பட்டா (அரசுக்கு நேரடியாக வரி கட்டும் நிலத்துக்கான பட்டா) கொடுத்தார் என்று பாருங்கள். பாட்டி பெயரா, பாட்டியின் தம்பி பெயரா, கோவில் பெயரா, சாகுபடி செய்தவர் பெயரா. கோவில் பெயரில் இருந்தால் அறநிலையத் துறையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். குத்தகைதாரர் உள்ளே இருந்தால் அது தனி வழக்கு.

பாட்டியின் தம்பி பெயர் வந்தால் இங்கே வந்து சொல்லுங்கள். ஆகஸ்ட் 1 காலைக் குறிப்பில் பேசியது அதைத்தான். வக்கீலிடம் போகும் முன் நகல்களை வாங்கிவிடுங்கள். அவர்கள் வாங்கினால் செலவு இரட்டிப்பு.